குற்றாலச் சாரலும் ஓ பாசிட்டிவ் வரிசையும்

போன ஜூலை இரண்டாவது வாரம், பள்ளியில் கணக்கு டீச்சரான நானும் என் கணவர் சேகரும் மூன்று நாள் தென்காசி, குற்றாலம் போய்வந்தோம். எனக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்து அப்போது பதின்மூன்று மாதம் ஆகியிருந்தது. “இனி ஊர் சுற்றலாம். அருவியில் மட்டும் குளிக்கக் கூடாது. கிருமி தொற்றிவிடும்” என்றார் டாக்டர். அருவியில் குளிக்காமல் குற்றாலத்தில் வேறென்ன செய்வது என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். பேரம் பேசி, சாரலில் குடையோடு நிற்பதற்கு அனுமதி வாங்கினேன்.

மதுரையிலிருந்து செங்கோட்டை பாசஞ்சர் காலை 7.10-க்கு. டிக்கெட் ஆளுக்கு நாற்பது ரூபாய். வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள். ராஜபாளையம் தாண்டியதும் மலை கூடவே வரும். கடையநல்லூரிலேயே காற்று குளிர்ந்துவிட்டது. பத்தே காலுக்குத் தென்காசியில் இறங்கினோம். எதிரே வந்த முதல் ஆட்டோவின் டிரைவர் எங்கள் பையை வாங்கிக்கொண்டே, “தண்ணி நல்லா விழுது அண்ணாச்சி. நேத்துகூட மெயின் அருவில குளிக்க விடல, இன்னைக்கு விட்டுட்டாவ” என்று நல்ல சேதி சொன்னார். முப்பத்தெட்டு வயதிருக்கும், கனத்த உடம்பு. பெயர் திருமலை.

குற்றாலம் ஆறு கிலோமீட்டர்தான். பாதி வழியில் என் கைப்பேசி அலாரம் அடித்தது. பத்தரைக்கு ஒரு மாத்திரை. ஐந்து நிமிடம்கூடத் தள்ளிப்போடுவதில்லை. நான் முகக்கவசத்தை இறக்கி மாத்திரையை விழுங்குவதைக் கண்ணாடியில் பார்த்த திருமலை, “சுகராக்கா?” என்றார்.

“இல்ல தம்பி, கல்லீரல் மாத்தியிருக்கு.”

ஆட்டோ சட்டென்று வேகம் குறைந்தது. மூன்று நாளைக்கும் அவரையே பேசிக்கொண்டோம். விடுதியில் இறக்கிவிட்டு மாலை நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனார்.

நாலு மணிக்கு மெயின் அருவியில் நல்ல கூட்டம். சேகர் துண்டை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனவர், போனவர்தான். இருபத்தைந்து வருடத் திருமணத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் மங்குஸ்தான் வாங்கி (தடித்த தோலை உரித்துச் சாப்பிடும் பழம் என்பதால் எனக்கு அனுமதி உண்டு) குடைக்குள் நின்று தின்றுகொண்டிருந்தேன். திருமலை ஆட்டோவை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க எத்தன மாசம் காத்துக் கெடந்தீய?”

“பதினாறு மாசம்.”

“என் தங்கச்சி செண்பகத்துக்கும் ஈரலு சுருங்கிட்டு. மாத்து ஈரலுக்கு மதுரை ஆஸ்பத்திரில பதிஞ்சு ஒன்றர வருசமாச்சு. ஓ பாசிட்டிவ். ஓ குரூப்பு எல்லாத்துக்கும் சேரும்னு சொல்லுதாவ. அப்பம் அவளுக்குத்தான முதல்ல கிடைக்கணும்?”

இந்தக் கேள்வியை எனக்குத் தெரிந்த எல்லாருமே கேட்டிருக்கிறார்கள். நானும் ஓ பாசிட்டிவ்தான், ஆரம்பத்தில் நானே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். “அது கொடுக்கறப்ப தம்பி. ஓ குரூப்காரங்க யாருக்கு வேணா கொடுக்கலாம். வாங்கறப்ப ஓ-கிட்ட இருந்து மட்டும்தான் வாங்க முடியும். ஏபி குரூப்புக்கு நேர் எதிர், அவங்க யார்கிட்ட இருந்தும் வாங்கிக்கலாம்” என்றேன்.

“அட என்னக்கா இது! எல்லாத்துக்கும் அள்ளிக் குடுக்கவனுக்கு, தனக்குன்னு வரும்போது ஒரே ஒரு வாசல்தானா?”

அப்படித்தான். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளுக்கான வரிசையில் நோயின் தீவிரத்தையும் பார்ப்பார்கள், ஆனால் முதலில் பார்ப்பது ரத்த வகையை. என்னோடு காத்திருந்த ஏபி குரூப் பெரியவர் ஒருவர், எனக்குப் பின்னால் பதிந்து ஆறே வாரத்தில் அறுவை முடிந்து வீட்டுக்குப் போனார். போகும்போது என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி கையெடுத்துக் கும்பிட்டார். அன்று ராத்திரி அழுதேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

“வீட்டுல யாரும் கொடுக்க முடியாதா?” என்று கேட்டேன். உயிரோடிருப்பவர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். மிச்சம் சில மாதத்தில் வளர்ந்துவிடும்.

“மாப்பிள்ளைக்கு ஏ. அம்மைக்கு வயசாயிட்டு, சுகர் வேற. நான் பி பாசிட்டிவ். அதச் சொன்னதுமே ஆஸ்பத்திரில ‘நீங்க சேர மாட்டீங்க’ன்னுட்டாவ.”

“பி-ன்னு யார் சொன்னா?”

லைசென்ஸை எடுத்துக் காட்டினார். “இதுல போட்டுருக்குல்லா.”

“அதுக்கு ரத்தம் எடுத்துப் பாத்தாங்களா?”

யோசித்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் விண்ணப்பத்தை நிரப்பும்போது கேட்டாராம். இவர் தெரியாது என்றாராம். அவராகவே ஒன்றை எழுதிக்கொண்டாராம்.

எங்கள் கதை இதற்கு நேர்மாறு. சேகரின் அலுவலக அட்டையில் ஓ பாசிட்டிவ் என்று இருந்தது. அதை நம்பி, அவரே கொடுத்துவிடுவார் என்று ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினோம். பரிசோதனையில் ஏ என்று வந்தது. “தம்பி, அட்டைய நம்பாதீங்க. நாளைக்கே பாத்துடுங்க” என்றேன்.

மறுநாள் காலை பண்பொழிக்குப் போகத் திட்டம். எட்டரைக்குக் கிளம்பி, போகும் வழியில் தென்காசிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நிறுத்தினோம். விரல் நுனியில் ஒரு குத்து, இருபது நிமிடக் காத்திருப்பு. நானும் சேகரும் ஆட்டோவிலேயே இருந்தோம். திருமலை ஒரு துண்டுச் சீட்டோடு வெளியே வந்தார். சீட்டைச் சேகரிடம் நீட்டினார். ஓ பாசிட்டிவ்.

“ரெண்டு தடவ பாக்கச் சொன்னேன் அண்ணாச்சி. ரெண்டு தடவயும் அதான்” என்றவர், மழை பெய்யாத நேரத்தில் வைப்பரை ஓடவிட்டார். பிறகு அவரே அதைப் பார்த்துச் சிரித்தார்.

பண்பொழி திருமலைக் குமாரசுவாமி கோயில் தென்காசியிலிருந்து சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். அறுநூற்றுச் சொச்சம் படிகள். முடியாதவர்களுக்கு உச்சிவரை வண்டிப் பாதை உண்டு. நாங்கள் ஆட்டோவில் ஏறினோம். மேலேயிருந்து வயலும் தென்னையும் குளங்களுமாக ஊர் முழுக்கத் தெரிந்தது. காற்றில் குடை இரண்டு முறை மடங்கித் திரும்பியது. டிரைவர் திருமலை சாமியைக் கும்பிட்டாரா, கைப்பேசியைக் கும்பிட்டாரா தெரியாது. அரை மணி நேரமாக ஆஸ்பத்திரி எண்ணையே அழைத்துக்கொண்டிருந்தார்.

இறங்கியதும், “நம்ம வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோம்” என்று அச்சன்புதூருக்கு அழைத்துப்போனார். வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்த செண்பகம், உடம்புக்கு முடியாமல் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். முப்பத்து நாலு வயது. கண்ணெல்லாம் மஞ்சள், கால் வீங்கியிருந்தது. அண்ணன் சொன்னதைக் கேட்டதும் அவள் முகம் மலரும் என்று நினைத்தேன்.

“வேண்டாம்” என்றாள். “ஒனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளையள் இருக்கு. நீ கத்திய வாங்கிட்டுப் படுத்தா யாரு பாப்பா? நான் வரிசையில நின்னுக்கிடுதேன்.”

“ஏட்டி, ஒன்றர வருசமா நின்ன வரிசை பத்தாதா?”

அவள் என் பக்கம் திரும்பினாள். “அக்கா, நீங்க சொல்லுங்க. குடுக்கவங்களுக்கு ஒண்ணும் ஆவாதா?”

எனக்குக் கொடுத்தவர் உயிரோடு இல்லை. அவர் குடும்பம் கொடுத்தது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல எனக்கு மனசு வரவில்லை. “ஆபத்தே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். அத டாக்டர்தான் உங்க அண்ணன்கிட்டத் தனியாச் சொல்லணும். கடைசி நிமிசத்துலகூட அவர் வேண்டாம்னு சொல்லலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க” என்றேன்.

திருமலையின் மனைவி பார்வதி அதுவரை அடுப்படி நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “எத்தன நாளு வண்டி ஓட்டக் கூடாது?” என்றார்.

“மூணு மாசம்னு வச்சுக்கோங்க.”

“என் தம்பி ஓட்டுவான்” என்றார். பிறகு செண்பகத்தைப் பார்த்து, “நீ சும்மா கெட. உனக்கு வேணாம்னா அத நல்லா ஆனபொறவு வந்து சொல்லு” என்றார். செண்பகம் சிரித்தாள், உடனே அழுதாள். எங்களுக்குக் கொதிக்கவைத்த தண்ணீரில் கருப்பட்டிக் காப்பி வந்தது.

மூன்றாம் நாள் ஐந்தருவி பார்த்துவிட்டு மதுரை திரும்பினோம். அடுத்த வாரமே மதுரைக்கு வந்த திருமலையின் ரத்த வகை தங்கைக்குச் சேர்ந்தது. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்தது. டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். கேரள எல்லையில் பேர்போன பார்டர் பரோட்டாவை நிறுத்தி, காலையும் மாலையும் நடந்து, பத்து வாரத்தில் ஒன்பது கிலோ குறைத்தார். ஒவ்வொரு ஞாயிறும் எடை மெஷினைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவார். அரைக் கிலோ ஏறிய வாரம் அழுகிற பொம்மைப் படமும் சேர்ந்து வந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சாரல் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. வார நாளில் போங்கள். வெள்ளம் என்றால் குளிக்கத் தடை போடுவார்கள், கிளம்பும் முன் விசாரியுங்கள். உறுப்பு மாற்றியவர்கள் மாத்திரையை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். வரிசையில் காத்திருப்பவர்கள் ஆஸ்பத்திரியிடம் சொல்லாமல் ஊர் தாண்டாதீர்கள். கைப்பேசி அணையக் கூடாது. உங்கள் ரத்த வகையையும் வீட்டார் ரத்த வகையையும் பரிசோதித்தே தெரிந்துகொள்ளுங்கள். கல்லீரலுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் பெரிய விஷயமில்லை என்றார் என் டாக்டர். ஏ, பி, ஓ-தான் கணக்கு. வகை சேர்ந்துவிட்டால் மட்டும் எல்லாம் முடிந்துவிடாது, ஆனால் அங்கேதான் தொடங்க வேண்டும்.

அறுவை அக்டோபர் கடைசியில் நடந்தது. மறுநாள் பிற்பகல் நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பில் கைப்பேசியைத் தொடாதவள், அன்று எடுத்தேன். பார்வதி.

“அக்கா, ரெண்டு பேரும் நல்லா இருக்காவ. கண்ணு முழிச்சதும் இவிய ‘செண்பகம் எங்க’ன்னு கேட்டாவளாம். அவ ‘அண்ணன் எங்க’ன்னு கேட்டாளாம். இங்குட்டும் அங்குட்டும் பதில் சொல்லி அலுத்துப்போயி, ‘பேசாமப் படுங்க ரெண்டு பேரும்’னு நர்ஸ் அதட்டிட்டாவளாம்.”

நான் சிரித்த சிரிப்பில் வகுப்பே சிரித்தது. எதற்கென்று பிள்ளைகளுக்குத் தெரியாது. கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கை அன்று நாங்கள் முடிக்கவே இல்லை.