ராயப்பன் சொன்ன கனவு

சேரியில் பிறந்து வாத்தியாரானவர் ராயப்பன். திண்டிவனத்தில் ஒரு மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு அவருடையது. அந்த வகுப்பில் சின்னபொண்ணு என்ற சிறுமி, தாய் செத்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. ராயப்பன் அவளை அதட்டவில்லை. பலப்பத்தைக் கொடுத்து, இஷ்டத்துக்கு வரையவிட்டார். மழைக்காலம் முடிவதற்குள் அவள் பேசிவிட்டாள்.

சேதி விழுப்புரத்தில் இருந்த டாக்டரம்மா காதுக்குப் போனது. ஐரோப்பாவில் யுங் என்பவரின் முறையைப் படித்துவிட்டு வந்த வெள்ளைக்காரி. கனவுகளைக் கேட்டு மனதின் முடிச்சை அவிழ்க்கும் முறை அது. அதைக் கற்றுக்கொடுக்க ஒரு சங்கமும் வைத்திருந்தார். ராயப்பனைச் சேரச் சொன்னார். 1936ஆம் வருஷம் அது.

சனிக்கிழமைதோறும் ராயப்பன் ரயிலேறிப் போனார். பிறர் கனவைக் கேட்கப் பழகும் முன், தன் கனவுகளை ஓர் ஆசிரியரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அவருக்கு வாய்த்த ஆசிரியர் வக்கீல் சக்கரபாணி. மற்ற மாணவர்களை வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்துக் கேட்ட வக்கீல், இவரை மட்டும் தோட்டத்துக் கொட்டகையில் வைத்துக் கேட்டார். கற்றுக்கொண்டால் போதும் என்று ராயப்பன் அதையும் பொறுத்துக்கொண்டார்.

அங்கேதான், மனைவி சவுரியம்மாளிடம்கூடச் சொல்லாத கனவைச் சொன்னார். ரெட்டியார் நிலத்துக் கிணற்றில் அவர் இறங்கித் தண்ணீர் குடிக்கிறார். மேலே அம்மா இரண்டு கையையும் குவித்து நிற்கிறாள். அவர் எவ்வளவு ஏறினாலும் அவளை எட்ட முடியவில்லை. நிஜத்தில், அந்தக் கிணற்றில் தண்ணீர் மொண்டதற்காகத்தான் அம்மாவை அடித்தார்கள். அன்று படுத்தவள் எழவே இல்லை. அதையும் சொல்லி அழுதார்.

சக்கரபாணி கண்ணை மூடிக் கேட்டார். "அது உங்க ஊர்க் கிணறு இல்லை, ராயப்பன். மனுஷ குலத்துக்கே பொதுவான மனசோட ஆழம். அங்க ஜாதி ஏது?" என்றார். ராயப்பனுக்கு மனசு லேசாகிப்போனது. ஊர் திரும்பும்வரை ரயிலில் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார்.

இரண்டு வருஷம் கழித்து, சங்கத்தின் ஆண்டு வகுப்பில் சக்கரபாணி பேசினார். "ஹரிஜன மாணவர் ஒருவர்" என்று தொடங்கி, கிணற்றையும் அம்மாவையும் எல்லார் முன்னாலும் விளக்கினார். பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அத்தனை பேரும் திரும்பி ராயப்பனைப் பார்த்தார்கள். ஒரு மாதத்துக்குள் திண்டிவனம் கடைத்தெருவில் அவர் 'கெணத்து வாத்தியார்' ஆனார்.

அப்போதும் அவர் விலகவில்லை. பிறர் கனவைக் கேட்கத் தொடங்கும் மாணவர்களிடம் சங்கத்து உறுப்பினர்களே முதல் ஆட்களாக வந்து தங்கள் கனவைச் சொல்வது வழக்கம். மற்ற மாணவர்களிடம் போனார்கள். இவரிடம் ஒருவரும் வரவில்லை. சேரிக்காரர்களின் கனவை மட்டும் அவர் கேட்கட்டும் என்று ஆசிரியர்கள் கூடி முடிவு செய்தார்கள்.

அதைச் சங்கக் கூட்டத்தில் அறிவித்தபோது ராயப்பன் எழுந்து நின்றார். "ரெண்டு வருசமா என் மனசத் தொறந்து உங்க முன்னால வச்சிக்கினு இருந்தேன் சார். உங்கள்ல ஒருத்தர் கனவ நான் கேட்டா என்னா ஆயிடும்?"

"எங்களுக்கு ஒண்ணும் இல்லை. சொல்றவா கூசுவா," என்றார் சக்கரபாணி.

ராயப்பன் டாக்டரம்மாவைப் பார்த்தார். அவர் கனிவாகத்தான் சொன்னார்: "இந்தக் கோபம் உங்களுடைய நிழல், உங்களுக்குள்ளே நீங்கள் பார்க்க மறுக்கும் பகுதி, ராயப்பன். அதை இன்னும் ஆறு மாதம் நாம் ஆராய வேண்டும்."

ராயப்பன் ஸ்டேஷனுக்கு நடந்தார். மறுபடி போகவில்லை.

யுத்தம் வந்து டாக்டரம்மா தன் நாட்டுக்குப் போனார். சங்கம் மதராசுக்கு மாறி, சக்கரபாணி அதன் தலைமை ஆசிரியரானார். ராயப்பன் மூன்றாம் வகுப்பிலேயே இருந்தார். இப்போதெல்லாம் பேசாத பிள்ளையை அவரும் அதட்டினார்.

ஒரு நாள் காலையில் கேப்பைக்கூழ் குடித்துக்கொண்டே அவர் மகள் ஜெயம், "அப்பா, நான் ஒரு கனா கண்டேன்," என்று ஆரம்பித்தாள்.

"யாராண்டயும் சொல்லாத. குடி," என்றார்.

சவுரியம்மாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அங்கே ஜெயம் சொல்லச்சொல்ல அம்மா உம் கொட்டுவது கேட்டது. ராயப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு, மணி அடிக்க நேரம் இருந்தும் பள்ளிக்குப் புறப்பட்டார்.