பின்சக்கரத்து எலுமிச்சம்பழம்

எந்த வண்டியில் இடதுபக்கம் உட்கார்ந்தாலும் உம்மல் குல்சுமின் வலது கால் தரையை மிதிக்கும். ஆட்டோவில் போகும்போது முன்னால் ஒரு பேருந்து சட்டென்று நின்றால், ஆட்டோக்காரருக்கு முன்பே இவர் பாதம் அடித்தகரத்தை அழுத்தியிருக்கும். வீட்டில் தொலைக்காட்சியில் கார்கள் துரத்திக்கொண்டு ஓடும் காட்சி வந்தாலும் அப்படித்தான். கணவர் ரசாக் ஒருநாள் எண்ணிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் பதினேழு முறை. டிவிக்கு பிரேக் கிடையாதும்மா என்றார். "இருந்திருந்தா நாலு பேரு பொழச்சிருப்பாங்க" என்றார் குல்சும், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குனியமுத்தூரில், பாலக்காடு சாலையை ஒட்டி இருக்கிறது அவருடைய ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. 1996 ஜூன் மாதம் ஒரே காருடன் தொடங்கியது. இன்று ஐந்து கார்கள். சென்ற டிசம்பர் 31 வரை அவரிடம் கற்று உரிமம் வாங்கியவர்கள் 6,418 பேர். அதில் பெண்கள் 3,907. குல்சுமுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. காலை ஆறேகாலுக்கு புர்காவின் ஓரத்தைத் துணி காயப்போடும் கிளிப் இரண்டால் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு முதல் காரில் ஏறுவார். ஏறுவது இடதுபக்கம். பயிற்சிக் கார்களில் அந்தப் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் கிளட்சும் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தவறினால் மிதிப்பதற்கு.

அவர் திட்டுவதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இவர் முகத்தையே பார்க்கும் கல்லூரிப் பெண்ணிடம், "ரோட்டப் பாரு கண்ணு, நான் எங்கயும் ஓடிர மாட்டேன்" என்பார். குழியில் இறக்கினால், அந்தக் குழி நேற்றும் அங்கேயேதான் இருந்தது அம்மணி என்பார். வகுப்பு எடுக்கும்போது அவர் வாயில் ஏலக்காய் இருக்கும். பிரேக்கை மிதிக்க நேர்ந்தால் மட்டும் அதைக் கடிப்பார். அவரிடம் படித்தவர்கள் தங்கள் தப்புகளை அந்தக் 'கடுக்'கை வைத்தே எண்ணிக்கொள்வார்கள்.

ஆனால் ஊரில் அவர் பெயரோடு சேர்ந்து நினைவுக்கு வருவது எலுமிச்சம்பழம். பள்ளியின் பின்புறம் ஒரு சாய்தளம் கட்டி வைத்திருக்கிறார். நாற்பதடி நீளம், ஐந்தடி உயரம். அதன் நடுவில் காரை நிறுத்தச் சொல்லி, இடது பின்சக்கரத்துக்கு இரண்டு விரல் பின்னால் ஒரு எலுமிச்சம்பழத்தை வைப்பார். ஹாஃப் கிளட்சில் வண்டியைப் பிடித்து, ஒரு அங்குலம்கூடப் பின்னால் உருட்டாமல் மேலே எடுக்க வேண்டும். பழம் பிழைத்தால் அதே பழத்தைப் பிழிந்து சர்பத் போட்டு, ஓட்டியவர் கையில் கொடுப்பார். நசுங்கினால் சர்பத் இல்லை. மறுநாள் புதுப் பழம். சர்பத் குடித்தபிறகுதான் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அழைத்துப் போவார். உரிமத்தைவிட அந்த டம்ளரைப் பெரிதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

சென்ற ஜூன் மாதம், ஒரு ஞாயிறு சாப்பாட்டின்போது, தனக்கு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போவதாக அவர் சொன்னார். ரசாக் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். செட்டிபாளையத்தில் வாங்கிப்போட்டிருந்த மனையை குல்சும் ஏன் விற்றார் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. பீளமேட்டில் மென்பொருள் வேலை பார்க்கும் மகன் ஜாவித், வாங்குவதானால் ஆட்டோமேட்டிக்காக வாங்கும்மா, கியர் போடுகிற தொல்லை இல்லை என்றான். அதற்கு குல்சும் சொன்னது ரசாக்குக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"இருவத்தொம்பது வருசமா எடது பக்கத்துலயே உக்காந்துட்டேன். அடுத்தவங்க ஓட்டறத நிறுத்தறதுதான் எம்பட வேல. மூணாவது கியருக்கு மேல போட்டு எத்தன நாளாச்சுன்னே தெரியல. நான் இன்னும் ஓட்டறவளா, இல்ல வெறும் நிறுத்தறவளான்னு எனக்குத் தெரிஞ்சாகோணும்."

அதற்கு அவர் வைத்த பரீட்சையும் எலுமிச்சம்பழம்தான். மூன்று கார்களை ஓட்டிப் பார்ப்பது. கியர் காரில் பழம் பிழைத்தால் கியர் கார். நசுங்கினால் ஆட்டோமேட்டிக், அதோடு தன்னை ஓட்டுநர் என்று சொல்லிக்கொள்வதையும் விட்டுவிடுவது. இந்த இரண்டாவது பகுதியை அவர் ரசாக்கிடம் மட்டும் சொன்னார்.

புதன்கிழமைகளில் மதியத்துக்கு மேல் வகுப்பு இல்லை. ஜூலை 2, புதன், மூன்றரை மணிக்கு முதல் கார் வீட்டு வாசலுக்கே வந்தது. நீல நிறம், இரண்டு கதவு, ஆறு கியர். உட்கார்ந்தால் சாலை இடுப்பளவில் தெரியும். கொண்டுவந்தவர் அவினாசி சாலை ஷோரூமின் விற்பனையாளர் கிருபாசங்கர். காரமடைக்காரர், முப்பத்திரண்டு வயது. பேசும்போது இரண்டு கைகளையும் வயிற்றுக்கு மேல் கோத்து வைத்துக்கொள்வார். வாடிக்கையாளர் சொல்வது தப்பு என்றால் அதைத் திருத்தாமல், சரியானதை அவரே சொன்னது போலத் திருப்பிச் சொல்வார். குல்சும் எஞ்சினின் குதிரைத்திறனைக் குறைத்துச் சொன்னபோது, "ஆமாங்க மேடம், நீங்க சொன்னாப்ல எரநூத்திமுப்பதுங்க" என்றார்.

வண்டி குல்சுமுக்கு முதல் வளைவிலேயே பிடித்துவிட்டது. கிளட்ச் கால் விரலுக்குப் பேசியது. நான்காவது கியர் போட்டபோது வாயில் இருந்த ஏலக்காயை மறந்தே போனார். கோவைப்புதூர் ஏற்றத்தில் ஓரமாக நிறுத்தி, மேட்டில் வண்டி உருளாமல் தானே பிடித்துக்கொள்ளும் வசதியை அணைக்கச் சொன்னார். இறங்கிப்போய், கைப்பையிலிருந்து பழத்தை எடுத்து இடது பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார். வண்டியைச் சுற்றிக்கொண்டு வலதுபக்கம் வந்தபோது இரண்டு பேருந்துகள் அடுத்தடுத்து வந்ததால் கதவைத் திறக்கச் சற்று நேரமானது. ஏறினார். கைப்பிரேக்கை விடுவித்தார். வண்டி ஏறியது. அதே நொடியில் அடியில் 'பொசுக்' என்றது.

முப்பதடி தள்ளி நிறுத்தி இறங்கிப் பார்த்தார். சாலையில் பழம் சப்பையாகக் கிடந்தது, விதைகள் வெளியே. எதையும் சாணும் விரலுமாக அளந்து பார்க்கிறவர் அன்றைக்கு அளக்கவில்லை. வண்டி பின்னால் உருண்டது அவர் உடம்புக்குத் தெரியவே இல்லை. நசுங்கியதைவிட அதுதான் அவரை உலுக்கியது. 6,418 பேருக்கு அதை உணரச் சொல்லிக்கொடுத்தவர் அவர். கிருபாசங்கர் முகம் மலர, நல்ல சகுனமுங்க மேடம் என்றார். "பாக்கலாமுங்க தம்பி" என்று சாவியைக் கொடுத்துவிட்டு, திரும்பி வரும்போது குல்சும் இடதுபக்கம் உட்கார்ந்துகொண்டார். வழி நெடுக அவர் கால் வெறும் தரையை மிதித்தது.

ஜூலை 9 அன்று வந்தது கறுப்பு நிற ஆட்டோமேட்டிக். ஜூலை 16 அன்று வெள்ளை நிற மின்சாரக் கார். அதைக் கொண்டுவந்த பெண் லோகப்பிரியா நன்றாகப் பேசினார், காரும் அம்பு போலப் போனது. இரண்டிலும் பழம் பிழைத்தது. குல்சும் சர்பத் போடவில்லை. ஏன் என்று ரசாக் கேட்டதற்கு, பழத்தைக் காப்பாற்றியது வண்டி, நான் இல்லை என்றார். வெள்ளைக் காருக்கே சொல்லிவிடுவதாக ஜாவித்துக்குத் தகவல் போனது. ஜூலை 22, செவ்வாய், முன்பணம் கட்டும் நாள். அந்த வாரம் முழுக்க வகுப்புகளில் அவர் ஏலக்காய் வழக்கத்தைவிட அதிகமாகக் கடிபட்டது. மிதிக்க வேண்டாத இடத்திலும் மிதித்தார்.

ஜூலை 21, திங்கள், காலை பத்தரை மணி. தொண்டாமுத்தூர் தென்னை விவசாயி கந்தப்பன், அறுபத்தாறு வயது, சாய்தளத்தில் இருந்தார். யானை தோப்புக்குள் வந்தால் பைக்கில் தப்பிக்க முடியவில்லை என்று கார் கற்க வந்தவர். இதுவரை ஐந்து பழங்களை நசுக்கியிருந்தார். ஆறாவது பழத்தைப் பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு குல்சும் அந்தப் பக்கம் நகர்ந்தபோது, கேட்டைத் திறந்துகொண்டு கிருபாசங்கர் வந்தார், கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்று. காரைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். யாரும் கவனிக்காத மாதிரி குனிந்து, பழத்தை எடுத்துக்கொண்டுபோய் முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்தார். புதுக் கார் எடுக்கும்போது சக்கரத்துக்கு முன் பழம் வைத்து ஏற்றுவார்கள் அல்லவா, அப்படி.

குல்சும் கவனித்தார்.

"என்னங்க தம்பி பண்றீங்க?"

கிருபாசங்கர் நிமிர்ந்து கைகளைக் கோத்துக்கொண்டார். "இல்லீங்க மேடம். பழம் முன்னாலதானுங்க வைக்கோணும். அன்னிக்கும் நீங்க பின்னால வெச்சுட்டீங்க. உங்க பக்கத்துல இந்த வழக்கம் இல்லீங்கல்ல, பாவம், மேடம் நம்ம சாமிக்கு மரியாதயா செய்யறாங்க, அதப்போயி தப்புன்னு சொன்னா சங்கடப்படுவீங்கன்னு... நீங்க பஸ்ஸு போகட்டும்னு நின்னப்ப நானே எறங்கி எடுத்து முன்னால வெச்சுப்போட்டேனுங்க."

அலுவலக ஜன்னலில் ரசாக் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அன்னிக்கு எந்தச் சக்கரத்துக்கு முன்னால?" என்று கேட்டார் குல்சும்.

"எடது முன்சக்கரமுங்க."

"எத்தன தூரம்?"

கிருபாசங்கர் யோசித்து, ஒரு சாண் இருக்கும் என்று கையை விரித்துக் காட்டினார். குல்சும் அந்தச் சாணையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபது நாளாக அவர் தூக்கத்தைக் கெடுத்த தூரம் அது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. அழுகிறார் என்று கிருபாசங்கர் பயந்துபோனார். ரசாக்குக்குத் தெரியும், அது சிரிப்பு.

சாய்தளத்தின் மேல், பிரேக்கை மிதித்த காலோடு கந்தப்பன் காத்திருந்தார். "ஏனுங்க டீச்சரம்மா, பஞ்சாயத்து முடிஞ்சுதுங்களா? காலு மரத்துப்போச்சு. பழம் முன்னாலயா பின்னாலயான்னு சொன்னீங்கன்னா அதுக்குத் தக்கன நசுக்குவேன்."

பழத்தைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, எடுங்கண்ணா என்றார் குல்சும். கந்தப்பன் எடுத்தார். பழம் பிழைத்தது. அன்றைக்கு மூன்று டம்ளர் சர்பத் போட்டார். ஒன்று கந்தப்பனுக்கு, ஒன்று கிருபாசங்கருக்கு. மூன்றாவதை அலுவலக வாசலில் நின்றபடி தானே குடித்தார். அவர் சர்பத் குடிப்பதை ரசாக் பார்த்தது அதுதான் முதல் தடவை. மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறீர்களா, நாளைக்கே கொண்டுவருகிறேன் என்று கிருபாசங்கர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அதெல்லாம் வேண்டாமுங்க. நீல வண்டி. ஆறு கியர். எழுதிக்கங்க" என்றார். லோகப்பிரியாவைப் போனில் கூப்பிட்டு, வேறு கார் எடுத்துவிட்டதாக அவரே நேராகச் சொன்னார்.

ஆகஸ்ட் 7, வியாழன், மாலை நாலேகால். ஷோரூமிலிருந்து அவினாசி சாலைக்கு ஏறும் சரிவில் நீலக் கார் நின்றது. நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் நான்கு பழங்களை வைத்துவிட்டு, மேலாளரும் மற்றவர்களும் கைதட்டத் தயாராக நின்றார்கள். குல்சும் புர்காவில் இரண்டு கிளிப்புகளைச் செருகினார். மூன்று பழங்களை அப்படியே விட்டுவிட்டு, இடது பின்சக்கரத்துப் பழத்தை மட்டும் எடுத்து, சக்கரத்துக்குப் பின்னால், இரண்டு விரல் தள்ளி வைத்தார். கிருபாசங்கர் அங்கேயே நின்றார். இந்தத் தடவை கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ரசாக் இடதுபக்கம் ஏறினார். காலை எங்கே வைப்பது என்று தேடினார். "அங்க ஒண்ணும் இல்லீங்க, சும்மா வைங்க" என்றார் குல்சும். மேட்டில் தானே பிடித்துக்கொள்ளும் வசதியை அணைத்தார். கைப்பிரேக் இறங்கியது. வண்டி ஒரு மூச்சு நேரம் சரிவில் அசையாமல் நின்று, மேலே ஏறியது. முன்னால் இருந்தவை நசுங்கின. பின்னால் கிருபாசங்கர் ஓடிவந்து குனிந்து, முழுப் பழத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார். இடதுபக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்தவர் ரசாக். குல்சும் வலதுபக்கக் கண்ணாடியைத்தான் பார்த்தார். சாலை காலியாக இருந்தது. அவர் கை இரண்டாம் கியரைப் போட்டுவிட்டு, குமிழின் மேலேயே காத்திருந்தது.