செவ்வாய்க்கிழமைச் சம்மனசு

பிள்ளைகளே, சின்னவளின் நெஞ்சில் இருக்கும் தழும்பைப் பற்றி இரண்டு பேரும் கேட்டிருக்கிறீர்கள். இருதயத்தில் ஓட்டை இருந்தது, ஒப்பரேசன் செய்தார்கள் என்று மட்டும் சொல்லி விட்டிருக்கிறேன். அந்த நாட்களில் நான் விட்ட பிழை ஒன்றை உங்கள் அம்மாவைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை.

அப்போது செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மதாமின் வீட்டைத் துப்புரவு செய்யப் போவேன். எண்பது வயது தாண்டிய, பிரெஞ்சு கதைக்கும் தனி மனுசி. அவருடைய வரவேற்பறையில், குளிருக்கு நெருப்பு மூட்டும் இடத்தின் மேல்தட்டில், பிரான்சிலிருந்து வந்த பழைய மணிக்கூடு ஒன்று இருந்தது. வெண்கலத்தில் பொன் பூசியது. அதன் உச்சியில் சிறகு வைத்த கிழவர் ஒருவர், சிறகு முளைத்த குழந்தையை மடியில் கிடத்தியிருப்பார். பெரிய சம்மனசு சின்னச் சம்மனசைப் பார்த்துக்கொள்கிறது என்றே நினைத்தேன். எங்கள் கோவில்களில் சிறகு என்றால் சம்மனசு, தேவதூதர்தானே.

ஒப்பரேசனுக்கு நாள் குறித்த பிறகு, அதைத் துடைக்கும்போதெல்லாம் சிலுவை அடையாளம் போட்டேன். "என்ரை பிள்ளையையும் இப்பிடி மடியில வைச்சுக்கொள்ளும்" என்று மன்றாடினேன். ஏழு செவ்வாய்.

ஏழாவதில் மதாம் கண்டுவிட்டார்.

"யாரைக் கும்பிடுகிறீர், முசியே?"

"சம்மனசை, மதாம்."

இருமல் வரும்வரை சிரித்தார். "சம்மனசா! பழைய கதைகளில் வருகிற காலக்கிழவன் அவன். குழந்தை காதல் தெய்வம். கிழவனின் கையைப் பாரும், சிறகை வெட்டுகிறான்!"

பார்த்தேன். கத்தரிக்கோல். என் துணி அதில் எத்தனையோ தரம் சிக்கியிருக்கிறது. கிழவரின் உடுப்பு மடிப்பாக்கும் என்று இழுத்து எடுத்திருக்கிறேன்.

ஒப்பரேசன் வியாழக்கிழமை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, பிரெஞ்சு மணிக்கூட்டிட்டைத் தமிழில மன்றாடினா அதுக்கு விளங்குமே?"

"பகிடி விடாதையும். வெட்டுறவனிட்டையெல்லோ பிள்ளையைக் குடுத்திட்டன்."

"டொக்டரும் வெட்டத்தானே போறார்."

சொன்ன பிறகு அவருக்கே முகம் மாறிவிட்டது.

வியாழன் காலை சின்னவளை உள்ளே கொண்டுபோய்க் கதவை மூடினார்கள். அம்மா செபமாலையோடு கதிரையில் இருந்தார். கோப்பி வாங்கி வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். மணிக்கூட்டிடம் சொன்ன ஏழு மன்றாட்டையும் இந்த முறை ஆண்டவரின் பெயரைத் தெளிவாகச் சொல்லித் தொடங்கினேன். சொல்லி முடித்தது ஐந்தா ஆறா என்று தடுமாற்றம் வந்தது. திரும்ப முதலாவதிலிருந்து சொன்னேன்.