கொல்லிமலை மண்பாதைப் பந்தயம்: பெண்கள் பிரிவில் ஒற்றை ஆளாக

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அருவிகளைப் பற்றிய பதிவு இல்லை. கொல்லிமலை வரை போய் ஓர் அருவியைக்கூட எட்டிப் பார்க்காமல் திரும்பியவள் அநேகமாக நான் ஒருத்திதான். பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமை நான் மலையேறியது, அங்கே மண்பாதையில் நடக்கும் ஒரு சைக்கிள் பந்தயத்துக்காக. எனக்கு வயது நாற்பத்து மூன்று. திருச்சியில் ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சர். மூன்று வருடமாக விடுமுறை நாட்களில் காடுமேடு சுற்றுகிறேன் என்றாலும், பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

திருச்சியிலிருந்து நாமக்கல்லுக்குப் பேருந்தில் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து செம்மேட்டுக்கு இன்னொரு பேருந்து, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். சைக்கிளின் சக்கரங்களைக் கழற்றிச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனேன். மலைப் பேருந்தில் எனக்கு அறுபது ரூபாய், சைக்கிளுக்கு லக்கேஜ் நாற்பது. கண்டக்டர் சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, ஏறறப்ப பஸ்ஸுல, எறங்கறப்ப சைக்கிள்லங்களா? நல்ல ஏற்பாடுதானுங்க” என்றார். பஸ்ஸே சிரித்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் பாதி வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கடந்தேன்.

செம்மேட்டில் அறை வாடகை தொள்ளாயிரம். போர்வை ஒன்றுதான் தருவார்கள், இன்னொன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாலையில் பெயரைச் சரிபார்க்கப் போனேன். பந்தயத்தை நடத்தும் குழுவில் குமரேசன் என்று ஒரு தம்பி, என் பெயரைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

“அக்கா, லேடீஸ்ல மூணு பேரு பேர் குடுத்திருந்தாங்க. ரெண்டு பேரு வரலைன்னு போன் பண்ணிட்டாங்க. நீங்க ஒருத்தர்தானுங்க. ஆம்பளைங்க ஓட்டற ஓப்பன்லயே சேத்துக்கட்டுங்களா?”

“வேண்டாம். நான் பெண்கள் பிரிவில்தான் பணம் கட்டியிருக்கிறேன்” என்றேன்.

“இல்லீங்க, போன வருசமும் லேடீஸ்ல ஒருத்தரும் முடிக்கலைங்க. இந்த வருசமும் அப்படின்னா இனிமே அந்தப் பிரிவே வேண்டாம்னு எங்க ஆளுங்க பேசிக்கறாங்க. நீங்க முடிச்சீங்கன்னா நான் அடிச்சுப் பேசிக்குவேன்.”

அறைக்குத் திரும்பியபோது குளிர் தெரியவில்லை. அவ்வளவு கோபம். யார்மீது என்றுதான் தெரியவில்லை. வராத இருவர்மீதா, தலையைச் சொறிந்த தம்பிமீதா? சும்மா வந்து ஓட்டிவிட்டுப் போகலாம் என்றிருந்தவளின் தலையில் ஒரு பிரிவையே தூக்கி வைத்துவிட்டார்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பந்தயம். மொத்தம் இருபத்தேழு பேர். பதின்மூன்று கிலோமீட்டர் சுற்று, அதை இரண்டு முறை ஓட்ட வேண்டும். பத்தரைக்குள் வந்தால்தான் முடித்ததாகக் கணக்கு. வழியில் சைக்கிளில் வெளியாள் யாரும் கை வைக்கக் கூடாது. முதல் ஐந்து கிலோமீட்டர் மரவள்ளிக் காட்டுக்கு நடுவே செம்மண் பாதை, பனியில் நனைந்து வழுக்கிக்கொண்டிருந்தது. அடுத்து மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கு அடியில் ஒரு செங்குத்து இறக்கம். இரண்டிலும் விழாமல் வந்தேன். என்னைவிட இருபது வயது சின்னவர்கள் மூன்று பேரை அந்த இறக்கத்தில் முந்தினேன் என்பதை அடக்கம் இல்லாமல் பதிவு செய்கிறேன்.

விழுந்தது எங்கே தெரியுமா? நல்ல சாலையில்! வாழவந்தி நாடு என்ற ஊர்ப் பக்கம் இரண்டு மண்பாதைகளை இணைக்கும் முந்நூறு மீட்டர் காங்கிரீட் சாலை. வளைவு திரும்பியதும் சாலை முழுக்கக் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். ஓரத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் செடியைப் புரட்டிவிடும் கவைக்குச்சியோடு நின்றிருந்தார்கள். வண்டி ஏறினால் காய் உடைந்து கொள்ளு உதிரும், அதற்காகத்தான் போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பேருந்தில் உட்கார்ந்து நூறு தடவை பார்த்ததுதான். ஆனால் உழைத்து விளைவித்தவர்கள் கண்ணெதிரே, சாப்பிடும் பொருளின் மேல், சேறு அப்பிய டயரை ஏற்றக் கை வரவில்லை. ஒரு நொடி யோசித்திருந்தால் ஏற்றியிருப்பேன். யோசிப்பதற்குள் கை ஹேண்டில்பாரை இடப்பக்கம் ஒடித்துவிட்டது.

காங்கிரீட்டின் விளிம்பு தரையைவிட ஒரு சாண் உயரம். முன்சக்கரம் அதிலிருந்து இறங்கியது, நான் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து மரவள்ளிக் காட்டுக்குள் போய் விழுந்தேன்.

“அய்யோ சாமி!” என்று அந்தப் பெண் கவைக்குச்சியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். “அடி பலமுங்களா? ஏனுங்க, ஏத்தறதுக்குத்தானுங்க போட்டிருக்கறோம்! முன்னாடி போனவங்க எல்லாரும் மேல ஏத்தித்தான் போனாங்க. நீங்க என்னத்துக்குங்க ஒதுங்குனீங்க?”

பதில் சொல்ல வாயில் மண். இடது முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. எலும்பு முறியவில்லை, விரல்கள் அசைந்தன. ஹேண்டில்பார் ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தது. கியர் மாற்றும் பாகம் வளைந்துவிட்டது. அவர் புருஷன் சைக்கிளைத் தூக்கப் போனார். நான் கத்திவிட்டேன்: “தொடாதீங்க! தொட்டா என்னைப் பந்தயத்திலிருந்து எடுத்துடுவாங்க.”

அவர் கையை இழுத்துக்கொண்டார். “ஆளைத் தூக்கலாம், வண்டியத் தொடப்படாதுங்களா? நல்லா இருக்குதுங்க சட்டம்!”

அவர் மனைவி சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி என் முழங்கையைக் கழுவினார். எரிச்சலில் கண்ணில் நீர் முட்டியது. முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்து ஹேண்டில்பாரைத் திருகி நேராக்கினேன். கியர் மசியவில்லை. சமதரைக்கு ஏற்ற ஒரே கியரில் செயின் மாட்டிக்கொண்டது. அந்தக் கியரோடு மேடு ஏறுவது ஆகிற காரியம் இல்லை. வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேனா? நினைத்தேன். “இந்த வருசமும் அப்படின்னா” என்ற பேச்சு காதில் ஒலித்தது. மறுபடி கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு நான் கோவில் கட்டிக் கும்பிடலாம்.

முதல் சுற்றை முடித்தபோது மணி எட்டரை. குமரேசன் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, “அக்கா, போதுமுங்க” என்றார். நிற்கவில்லை. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு மேட்டிலும் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஆமாம், ஓடினேன். முன்பு நான் முந்திய பையன்கள் மூவரும் என்னை முந்திப் போனார்கள். ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கொள்ளுச் சாலைக்கு மறுபடி வந்தபோது தூரத்திலேயே அந்த அம்மாள் கத்தினார்: “நடுவுல ஏறுங்க கண்ணு, நடுவுல!” பிரேக்கைத் தொடாமல், ஹேண்டில்பாரை அசைக்காமல் நேராக ஏற்றினேன். டயருக்கு அடியில் காய்கள் படபடவென்று உடைந்தன. “இந்தச் சைக்கிளு கனம் பத்தாதுங்க, லாரி வந்தாத்தான் ஆகும்!” என்று அவர் புருஷன் சிரித்தார். அந்த வலியிலும் சிரித்துவிட்டேன்.

எல்லைக் கோட்டைத் தொட்டபோது மணி பத்து இருபத்து நான்கு. முடித்தவர்களில் கடைசி. எனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று சொல்ல முடியாது, ஆறு பேர் பாதியிலேயே நிறுத்தியிருந்தார்கள். ஆறு பேரும் ஆண்கள், சைக்கிளும் என்னுடையதைவிட விலை கூடியது. மைக்கில் “பெண்கள் பிரிவு, முதலிடம்” என்று குமரேசன் கூப்பிட்டபோது கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஒருத்திதானே, சிரிப்பு வரத்தான் செய்யும். நான் தள்ளாடிக்கொண்டே போய்க் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினேன். அவர் மைக்கைக் கீழே வைக்கவில்லை. “அடுத்த வருசமும் லேடீஸ் பிரிவு உண்டுங்க” என்றார். அழுதுவிட்டேன். வெட்கமே படவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தை மாதம் மலையில் அறுவடைக் காலம், சாலையில் எதுவும் காயும். ஒதுங்காதீர்கள், பிரேக் பிடிக்காதீர்கள், நேராக ஏறுங்கள். முழங்கைக் கவசம் இருநூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது, நான் வாங்காமல் விட்டேன், ஊசிக்கும் கட்டுக்கும் அதைவிடக் கூடுதலாகச் செலவழித்தேன். கியர் பாகம் ஒன்றை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள், அதை மாற்றவும் கற்றுக்கொள்ளுங்கள். பந்தயக் கட்டணம் எண்ணூறு, காலை இட்லியும் அதில் அடக்கம்.

கடைசியாக, சைக்கிள் ஓட்டும் பெண்களுக்கு மட்டும். போட்டிக்கு ஆளே இல்லாமல் இன்னொரு தடவை முதல் பரிசு வாங்க எனக்கு விருப்பம் இல்லை. அடுத்த தை மாதம் யாராவது ஒருத்தி வந்து என்னை முந்துங்கள். முந்துவது சுலபமாக இருக்காது என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.