அறுத்த பெல்ட்

மேடத்தின் மேஜையோரம், ஆணியில் ஒரு பெல்ட் தொங்கும். கறுப்பு ரப்பர். தேய்ந்து அறுந்ததல்ல, கத்தியால் நறுக்கியது.

1991. மறைமலை நகரில் எங்கள் சிறிய தொழிற்சாலை. வண்டிப் புகையின் நஞ்சைக் குறைக்கும் காற்று பம்ப் ஒன்றை மேடம் வடிவமைத்துக்கொண்டிருந்தார். நான் வரைபடம் போடுகிறவன். எஞ்சின் இழுக்கும் பெல்ட்டில் பம்ப் சுழலும், கொதிக்கும் புகைக்குழாய்க்குள் காற்றை ஊதும், எரியாமல் தப்பி வந்த எரிபொருள் அங்கே எரிந்து தீரும். காகிதத்தில் எவ்வளவு அழகு! கம்பெனியின் பெட்ரோல் வேனில் மாட்டினோம். மாத முடிவில் முதலாளி பார்ப்பார். தேறாவிட்டால் எங்கள் பிரிவையே மூடிவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

முதலில் நஞ்சு குறைந்தது. பிறகு பழைய அளவுக்கே ஏறி நின்றது. பானெட்டைத் திறந்தால் பெல்ட்டைக் காணோம். டிரைவர், சீட்டுக்கடியிலிருந்து அதை எடுத்து நீட்டினார்.

"நான்தான் மேடம் அறுத்தேன். இந்த பம்ப்பு இன்னா கத்து கத்துது! ஒரகடம் தாண்டறதுக்குள்ள மண்டைக்குள்ள விசில் ஊதிக்கினே கீது. அது இல்லாங்காட்டியும் வண்டி ஓடுதுல்ல?"

நான் கொதித்தேன். மேடம் புது பெல்ட் மாட்டச் சொல்லி, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சேரப்பணஞ்சேரி வரை போய்த் திரும்பியவர், காதைத் தேய்த்தபடி இறங்கினார். "நானா இருந்தா மொத நாளே அறுத்திருப்பேன்."

உண்மைதானே. அந்த பம்ப், ஓட்டுகிறவருக்கு வேகமும் தராது, மைலேஜும் தராது. பின்னால் வரும் முகம் தெரியாத யாரோ ஒருவரின் மூச்சுக்காக அவர் ஏன் காதைக் கொடுக்க வேண்டும்?

மறுநாள் காலை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கினோம். மேடம் நடைமேடையிலேயே நின்றுவிட்டார். "இவ்ளோ கால் நடக்குது, எங்கயாவது ஒரே தாளம் கேக்குதா பாருங்க. பம்ப்புக்குள்ள சுத்தற நம்ம பிளேடுங்க மட்டும் சம இடைவெளியில அணிவகுப்பு நடத்துது, அதான் விசில். இடைவெளிய கலைச்சுப் போடுங்க."

"எடை ஒரு பக்கம் சாயுமே மேடம்?"

"சாயும். கனமான பக்கம் துளை போட்டு இறக்கிடலாம்."

சமமாக வரைந்தே பழகிய கை. கூசியது. வரைந்தேன்.

புது பம்ப்புடன் ஒரகடம் போய் வந்த டிரைவர் தலையைச் சொறிந்தார். "இன்னா மேடம், பெல்ட்டு மாட்ட மறந்துட்டீங்களா?"

மேடம் பானெட்டைத் தூக்கிக் காட்டினார். ஓடிக்கொண்டிருந்தது.

"அட! ஓடிக்கினுதான் கீதா? சரி, இருந்துட்டுப் போவட்டும்."

முதலாளி பிறகுதான் வந்து பார்த்தார். பிரிவு பிழைத்தது. ஆனால் எங்களுக்கு அது அந்த 'போவட்டும்' என்ற சொல்லிலேயே முடிவாகியிருந்தது.

ஓய்வு பெற்ற நாளில் மேடம் தந்த அந்த பெல்ட் இப்போது என் மேஜையோரம் தொங்குகிறது. ஒரகடம் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அதன் நறுக்கிய முனை நினைவில் உரசும். முன்னே எத்தனையோ வண்டிகள். அவற்றுள் எது, ஓட்டுகிறவருக்கே தெரியாமல், என் மூச்சுக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது? கண்ணாடியை இறக்கிக் காதைக் கொடுக்கிறேன்.

ஒன்றும் கேட்கவில்லை.