சித்திக்கு நான் போட்ட மார்க்

பத்து வயதில் நான் என் சித்திக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்தேன். அதனால்தான் அவள் முதல் தடவை தேர்வில் தோற்றாள். வீட்டில் யாரும் இதை இப்படிச் சொன்னதில்லை. வளர்ந்த பிறகு நானாக யோசித்துக் கண்டுபிடித்தது.

சித்தி என் அம்மாவின் தங்கை. அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி எட்டே மாதத்தில் புகுந்த ஊரான பந்தல்குடியிலிருந்து ஒரு சூட்கேஸோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். வேலைக்குப் பக்கம் என்பதால் வந்திருக்கிறாள் என்று எனக்குச் சொன்னார்கள். நம்பாமலிருக்கக் காரணமில்லை, எங்கள் தெருவிலிருந்து ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். சித்தப்பா கை நீட்டுகிறவர் என்ற விஷயம், எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய காலத்தில்தான் அம்மாவின் வாயிலிருந்து வந்தது.

மாதத்துக்கு ஒருமுறை பந்தல்குடியிலிருந்து இரண்டு பெரியவர்கள் வருவார்கள். முறுக்குப் பொட்டலம் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, அப்பாவிடம், "எப்ப அனுப்பி வைக்கிறீக?" என்று கேட்பார்கள். அவர்கள் இருக்கும்வரை சித்தி சமையலறையைவிட்டு வெளியே வரமாட்டாள். முறுக்கு நன்றாக இருக்கும் என்பதால் அவர்கள் வருவது எனக்குப் பிடிக்கும்.

எம்.ரெட்டியபட்டியில் பருத்தி போட்டுக்கொண்டிருந்த தாத்தாவுக்கு மகளை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, ஊர்ப் பேச்சைத் தாங்கவும் தெம்பில்லை. அவர் நடுவாக ஒரு முடிவு சொல்லியிருந்தார். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று சித்தியை எடுத்துக்கொள்ளச் சம்மதித்துக் கடிதம் அனுப்பியிருந்தது. ஆனால் அங்கே போக, நர்ஸுகளுக்கென்றே நடக்கும் ஓர் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். தேறினால் போகட்டும், இல்லாவிட்டால் பந்தல்குடிக்கே திரும்பிப் போய் அனுசரித்து இருக்கட்டும். அவ்வளவுதான் தாத்தாவின் தீர்ப்பு.

தேர்வில் நாலு பாகம். கேட்பது, படிப்பது, எழுதுவது மூன்றையும் சித்தி எப்படியோ சமாளித்துவிடுவாள் என்று தெரிந்திருந்தது. நாலாவது, பேச்சு. அதில்தான் பயம். ஓர் அறையில் ஒருவர் நோயாளியாக நடிப்பார். சித்தியிடம் ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். நோயாளி யார், அவருக்கு என்ன, நர்ஸ் என்னென்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். யோசிக்க மூன்று நிமிஷம், பேச ஐந்து நிமிஷம். பிறகு இன்னொரு அட்டை, இன்னொரு ஐந்து நிமிஷம். நடிக்கிறவர் மார்க் போடமாட்டார். பேசுவதெல்லாம் பதிவாகி, எங்கேயோ இருக்கும் ஆட்களுக்குப் போய், அவர்கள் கேட்டு மார்க் போடுவார்கள். ஏ, பி, சி என்று எழுத்தில் வரும். பி வந்தால் போதும்.

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்வந்தாள் சித்தி. மற்ற நாளில் பழகுவதற்கு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் ஆங்கில மீடியத்தில் படித்த ஒரே ஆள் நான். பள்ளியில் பேச்சுப் போட்டியில் முதல் பரிசாகக் கிடைத்த கோப்பை டிவிக்கு மேலே நின்றது. என்னைவிடத் தகுதியான ஆள் அருப்புக்கோட்டையிலேயே கிடையாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை, அப்பாவுக்கும் சந்தேகமில்லை.

பெஞ்சில் தலைக்கு ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு படுப்பேன். நான்தான் நோயாளி. கையில் பென்சிலும் நோட்டும் இருக்கும் என்பதால் நான்தான் மார்க் போடுகிறவளும். பக்கத்து வீட்டில் எட்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் எல்லோருமே தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்கள். ஆகவே சித்திக்கு நான் விதித்த முதல் விதி, சத்தமாகப் பேச வேண்டும். இரண்டாவது விதி, நடுவில் நிறுத்தக் கூடாது. பேச்சுப் போட்டியில் நிறுத்தினால் மறந்துவிட்டதாக அர்த்தம். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு மார்க் போச்சு. மூன்றாவது, பெரிய பெரிய வார்த்தையாகப் போட வேண்டும்.

"சிஸ்டர், ஐ ஹேவ் ஸ்டமக் பெயின்" என்று நான் முனகுவேன்.

சித்தி அங்கிருந்து தொடங்கினால், குடலில் ஏன் புண் வருகிறது, எந்த மாத்திரை எதற்கு, எத்தனை வேளை, எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று ஒரே மூச்சில் கத்தி முடிப்பாள். என் அட்டையில் நோயாளி பேசுவதற்கு இன்னும் நாலு வரி பாக்கி இருக்கும். அதைச் சொல்ல எனக்கு இடமே கிடைக்காது. எனக்கு அது ரொம்பத் திருப்தியாக இருந்தது. பத்துக்குப் பத்து போட்டுக் கையெழுத்தும் போடுவேன்.

சென்னைக்குப் போய் எழுதிவிட்டு வந்தாள். ரிசல்ட் வந்தது. மூன்றில் பி. பேச்சில் சி.

அன்று சாயங்காலம் அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை, வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி உட்கார்ந்து கேட்டேன்.

"சக்கரைப் புண்ணு வந்த ஆளு மாதிரி நடிச்சாரு, அக்கா. கால எடுத்துருவாகளோன்னு பயமா இருக்குன்னு மூணு வாட்டி சொல்ல வந்தாரு. நான் விடாம மாத்திரயப் பத்தியே பேசிட்டு இருந்தேன். பெல் அடிச்சப்பதான் அவரு மொகத்தப் பாத்தேன்."

"மதுர டீச்சர் என்ன சொன்னாக?"

"நீ நல்லா பேசுன, ஆனா ஆருகிட்டப் பேசுனேன்னு கேட்டாக."

அந்த டீச்சருக்குப் பொறாமை என்று நான் முடிவு கட்டினேன். சித்தி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தலை சீவிவிட்டாள், ரிப்பன் கட்டிவிட்டாள். ஆனால் நோட்டை எடுத்துக்கொண்டு நான் பெஞ்சுக்குப் போனால், "நாளைக்குப் பாப்பம் பாப்பா" என்பாள்.

பந்தல்குடிப் பெரியவர்கள் அந்த மாதம் இரண்டு தடவை வந்துவிட்டார்கள். இரண்டாம் தடவை முறுக்கு இல்லை. அப்பா வழக்கத்துக்கு மாறாகக் குரலை உயர்த்தி, "இன்னும் ஒரு வாட்டி எழுதட்டும். அதுக்குள்ள யாரும் இங்கிட்டு வர வேணாம்" என்று சொல்லி அனுப்பினார். வெளிநாட்டுக் கடிதத்துக்கும் கெடு இருந்தது. இன்னொரு தடவை எழுதத்தான் நாள் இருந்தது, மூன்றாவது தடவைக்கு இல்லை.

அந்தச் சமயத்தில் ஒரு சனிக்கிழமை, சித்திக்கு மதியச் சோறு கொண்டுபோய்க் கொடுக்க அம்மா என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். நான் போன நேரம் அங்கே ஒரே கூச்சல். தூத்துக்குடி ரோட்டில் லோடு லாரி ஒன்று கவிழ்ந்து, டிரைவரைக் கொண்டுவந்திருந்தார்கள். வடக்கத்தி ஆள். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. இங்கே அவருடைய பாஷை யாருக்கும் தெரியாது. வலது கை முழங்கைக்குக் கீழே ஒரு மாதிரித் திரும்பியிருந்தது. பக்கத்தில் போனவர்களையெல்லாம் இடது கையால் தள்ளிவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார். டாக்டர் இங்கிலீஷில் ஏதோ வேகமாகச் சொல்ல, அவர் இன்னும் சத்தமாகக் கத்தினார்.

நான் கேரியரோடு கதவோரம் ஒண்டி நின்றேன்.

சித்தி ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். கையைத் தொடவில்லை. மெதுவாக, "யூ டெல் மீ. ஐ லிசன்" என்றாள். பிறகு பேசாமல் இருந்தாள். அவர் கத்தினார். அவள் பேசாமலே இருந்தாள். அவர் மூச்சு வாங்கி நிறுத்தினார். அப்போதும் அவள் எதுவும் சொல்லவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் சித்திக்கு வார்த்தை மறந்துவிட்டதே என்று.

"பிரதர்" என்றார் அவர். "மை பிரதர். வேர்?"

லாரியில் அவரோடு தம்பியும் இருந்திருக்கிறான். அது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

"ஐ டோன்ட் நோ" என்றாள் சித்தி. "ஐ ஆஸ்க். ஐ கம் பேக், டெல் யூ. ஃபைவ் மினிட். ஓகே?"

அவர் தலையாட்டினார். சித்தி வெளியே போய் ஆம்புலன்ஸ்காரரிடம் விசாரித்து, எங்கெங்கோ போன் போட்டாள். திரும்பிவந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்து, "யுவர் பிரதர், மதுரை ஹாஸ்பிடல். லெக் ப்ரோக்கன். ஹீ டாக்கிங். யூ டாக் ஹிம்" என்று போனை அவர் காதில் வைத்தாள். அந்தப் பெரிய ஆள் போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். அழுதுகொண்டே வலது கையை, அவராகவே, சித்தி பக்கம் நகர்த்தினார்.

டூட்டி முடிந்து சேர்ந்து நடந்து வந்தோம். நான் கண்டிப்பான குரலில் ஆரம்பித்தேன்.

"சித்தி, இன்னைக்கு நீ பதினோரு தப்பு விட்ட. ஹீ இஸ் டாக்கிங்னு சொல்லணும். ஃபைவ் மினிட்ஸ். எஸ் போடல. நடுவுல வேற அவ்வளவு நேரம் சும்மா இருந்த."

"எண்ணிக்கிட்டா இருந்த?"

"ஆமா."

"அந்தாளுக்கு வெளங்குச்சா இல்லயா?"

"வெளங்குச்சு."

சித்தி சிரித்தாள். நாலு எட்டு நடந்தவள் சட்டென்று நடுரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. அவள் கவனிக்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏ பாப்பா, இதத்தாண்டி அந்த அட்டைல கேக்குறாக!" என்றாள். எதை என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாளிலிருந்து என் விதிகளெல்லாம் போயின. சத்தமாகப் பேசக் கூடாது என்று தறி நிற்கும் நேரமாகப் பார்த்துப் பழகினாள். நான் முனகினால், "வாட் ஆர் யூ அஃப்ரெய்ட் ஆஃப்?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பாள். நான் சொல்லி முடித்ததை அவள் ஒருமுறை திருப்பிச் சொல்லி, சரியா என்று கேட்பாள். பிறகுதான் மருந்துப் பேச்சு, அதுவும் சின்னச் சின்ன வார்த்தையில். அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒருநாள் அட்டையில் இருந்ததையெல்லாம் சொல்லித் தீர்ந்தும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அட்டையில் இல்லாத ஒன்று என் வாயிலிருந்து தமிழில் வந்துவிட்டது.

"நீ போயிட்டா எனக்கு யாரு தல சீவி விடுவா?"

சித்தி என் தலையிலிருந்த துண்டைச் சரிசெய்தாள். பிறகு நர்ஸாகவே இருந்து, "தேங்க் யூ ஃபார் டெல்லிங் மீ" என்றாள். அன்றைக்கு நான் மார்க் போடவில்லை.

இரண்டாம் தேர்வு முடிந்து வந்தவளை வாசலிலேயே மறித்துக் கேட்டேன். ஆபரேஷன் ஆன கிழவர் மாதிரி ஒருவர் நடித்தாராம். எழுந்து நடக்கமாட்டேன் என்றாராம்.

"ஏன்னு கேட்டேன். பேசாம இருந்தாரு. நானும் இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு பத்து எண்ணுற நேரம் இருக்கும்."

நான் விரல் விட்டுப் பத்து எண்ணிப் பார்த்தேன், ரொம்ப நேரமாக இருந்தது.

"பெறகு, விழுந்துருவேனோன்னு பயமா இருக்குன்னாரு. நான் கைய நீட்டி, மொதல்ல கட்டில் ஓரத்துல உக்காருவம், அப்பறம் பாத்துக்குவம்னு சொன்னேன். ஒரு எடத்துல வார்த்த தப்பா வந்துச்சு. சாரின்னு சொல்லித் திருத்திக்கிட்டேன்."

சாரி வேறு சொல்லியிருக்கிறாள். எங்கோ இருந்து கேட்கிறவர்கள், தப்புப் பண்ணியதை அவளே ஒப்புக்கொண்டதைக் கேட்டுவிடுவார்களே! இந்தத் தடவை டி என்று நான் மனசுக்குள் போட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. ஒரு விடுமுறை நாள் காலை, பத்து மணி இருக்கும். அம்மா இட்லிக் கொப்பரையை இறக்கிக்கொண்டிருந்தாள். சித்தி போனைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்து நின்றாள். அம்மா போய் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும், "ஏங்க, இங்க வாங்க! நாலும் பி-ங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். அப்பா ஓடிவந்தார், போனை வாங்கி இரண்டு தடவை பார்த்தார், தாத்தாவைக் கூப்பிட்டார். தாத்தாவின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

"அழுகாதம்மா. பந்தல்குடிக்காரவுகட்ட நான் பேசிக்கிறேன். இனிமே ஒருத்தரும் அங்கிட்டு வரமாட்டாக."

சித்தி அழவில்லை. சரிப்பா என்று மட்டும் சொன்னாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். கூடத்தின் ஓரத்தில் பாயை விரித்தாள், தலையணைகூட எடுக்காமல் படுத்தாள், தூங்கிவிட்டாள்.

அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டில் எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து, சாமான் எதையோ தள்ளிவிட்டு அப்பா சத்தம் போட்டார். தெருப் பெண்கள் விஷயம் கேட்டு வந்தார்கள். அம்மா எல்லோரையும் வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பேசி அனுப்பினாள். மதியச் சோற்றுக்கும் சித்தி எழவில்லை. நான் அவளுடைய பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, சித்திக்குக் காய்ச்சலா?"

"இல்ல."

"அப்ப எழுப்பட்டா?"

"எழுப்புன, தோல உரிச்சுருவேன். தூங்கட்டும் விடு" என்றாள் அம்மா. முந்தானையால் சித்திக்கு விசிறிக்கொண்டே சொன்னாள். அம்மாவின் கண்தான் சிவந்திருந்தது.

வெயில் இறங்கும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நான் பேச்சுப் போட்டியில் ஒரு முழுப்பக்கம் பேசிவிட்டு வந்து, அன்றைக்கே தெருவில் பாண்டி ஆடியவள். இரண்டு வாரத்துக்கு முன்னால், அதுவும் நடுவில் நிறுத்தி நிறுத்தி, வெறும் பத்து நிமிஷம் இங்கிலீஷ் பேசியதற்கு ஒருத்தி இவ்வளவு களைத்துப்போவாளா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.