ஒன்றரை நாளில் படித்த கிரேக்கம்

கஞ்சி டம்ளரை வாயருகே கொண்டுபோனால் அந்தப் பெரியவர் புருவத்தை உயர்த்தி, மோவாயை ஒரு முறை மேலே தூக்கிக் காட்டுவார். நம் ஊரில் வாயைத் திறக்காமல் 'என்ன?' என்று கேட்போமே, அச்சு அசல் அதே மாதிரி. நானும் "கஞ்சிங்க, குடிங்க" என்று சத்தமாகப் பதில் சொல்வேன். மறுபடி மோவாய் உயரும், மறுபடி நான் சொல்வேன். கடைசியில் டம்ளரைத் தட்டிவிடுவார், என் வெள்ளைப் புடவையெல்லாம் கஞ்சியாகிவிடும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வார்டு ஆயா தரையைத் துடைத்துக்கொண்டே, "இன்னாம்மா இவரு, இன்னா இன்னான்னு கேட்டுக்கினே கீறாரு, சொன்னா தட்டி உட்றாரு. ஒரே பேஜாரா கீது" என்று அலுத்துக்கொள்வாள்.

திண்டிவனத்தில் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸாக வேலை பார்த்த காலம் அது. செல்போன் எங்கள் பக்கம் அப்போதுதான் தலைகாட்டியிருந்தது, அதுவும் டாக்டர் கையில் மட்டும். மரக்காணம் பக்கம் கடலோரமாக ஒரு வாடகை வீட்டில் பல வருடங்களாகத் தனியாக இருந்தவர் அந்தப் பெரியவர். கப்பலில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவராம். வீட்டுக்குள் விழுந்து கிடந்தவரை அக்கம்பக்கத்து மீனவர்கள்தான் வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார்கள். "இங்கிலீஷ் பேசுவாரு, நம்ம பேச்சும் கொஞ்சம் பேசுவாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்களிடம் அவர் இரண்டையும் பேசவில்லை. பக்கவாதம் வந்து வலது கை விழுந்திருந்தது, வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது, அதிலிருந்து ஏதோ வந்துகொண்டே இருந்தது. புத்தி பேதலித்துவிட்டது என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். போதாக்குறைக்குச் சர்க்கரை வியாதி. இடது பாதத்தில் இருந்த புண் விரல்களிலிருந்து கணுக்கால்வரை கறுத்துப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லண்டனிலிருந்து அவருடைய மகள் வந்து சேர்ந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். கட்டிலருகே நின்று அவர் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு எங்களைப் பார்த்து, "இது உளறல் இல்லை, கிரீக்" என்றாள். பக்கவாதம் சில பேருக்குப் பிற்பாடு கற்ற மொழிகளை எடுத்துக்கொண்டு, தாய்மொழியை மட்டும் விட்டுவைக்கும் என்று டாக்டர் அவளுக்கு விளக்கினார். அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கிரேக்கம் ஒரு சொல்கூடத் தெரியாது. அம்மா ஆங்கிலேயப் பெண். இவள் சின்னவளாக இருந்தபோதே அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். கப்பல் கரைக்கு வரும்போது எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போகிற அப்பா அவளிடம் ஆங்கிலத்தில்தான் பேசியிருக்கிறார். அந்த ஆங்கிலம் இப்போது அவரிடம் இல்லை. மகளை அடையாளம் தெரிந்தது, கையைப் பிடித்துக்கொண்டார். அவள் பேசப் பேச அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு கண்ணீர் விட்டார்.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் விஷம் உடம்பெல்லாம் பரவி ஆள் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். விழுப்புரத்திலிருந்து சர்ஜன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவார், அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. மகள் கையெழுத்துப் போட்டால் போதும். அவளோ, "விழித்துக்கொண்டிருக்கிற மனிதரைக் கேட்காமல் எப்படிக் காலை எடுப்பது?" என்று பிடிவாதமாக நின்றாள். டில்லியில் இருக்கிற கிரேக்கத் தூதரகத்துக்கு எஸ்டிடி போட்டுப் பார்த்தோம். சனியும் ஞாயிறும் விடுமுறை, மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலையில் புதுச்சேரிக்கு ஓடி, பழைய புத்தகக் கடைகளில் தேடி, ஒரு குட்டிப் புத்தகத்தோடு திரும்பினாள். ஆங்கிலேயர்கள் கிரீஸுக்குச் சுற்றுலா போகும்போது கையில் வைத்துக்கொள்கிற புத்தகம். ஓட்டலில் அறை கேட்க, பஸ் டிக்கெட் வாங்க, வறுத்த மீன் கொண்டுவரச் சொல்ல எல்லாவற்றுக்கும் அதில் வாக்கியம் இருந்தது. உன் காலை வெட்டட்டுமா என்று அப்பாவைக் கேட்க மட்டும் இல்லை.

அவள் பொறுக்கிச் சேர்த்தாள். 'டாக்டர்' மருந்துக்கடைப் பக்கத்தில் கிடைத்தது. 'வெட்டு' என்பது முடிதிருத்தும் கடைப் பக்கத்தில். காலுக்குப் 'போதி' என்று இருந்தது. பாதமா, முழுக்காலா என்று அவள் குழம்பினாள். எங்களுக்கும் இரண்டுக்கும் ஒரே சொல்தான், கையால் தொட்டுக் காட்டுங்கள் என்றேன் என் அரைகுறை இங்கிலீஷில். வினைச்சொல்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஆங்கிலத்தில் நான், நீ என்று முன்னால் வைக்காமல் வாக்கியம் நகராது. கிரேக்கத்தில் சொல்லின் வாலே ஆளைச் சொல்லிவிடுகிறது. தெலோ என்றால் எனக்கு வேண்டும், தெலிஸ் என்றால் உனக்கு, தெலி என்றால் அவருக்கு. "நாங்களும் போறேன், போறே, போறாருன்னுதான் சொல்வோம்" என்று நான் சொன்னதும் அவளுக்குப் பிடி கிடைத்த மாதிரி இருந்தது. டியூட்டிக்கு நடுநடுவே நான் கேள்வி கேட்க, அவள் ஒப்பித்தாள். என் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. பெரியவரின் காலில் ஒவ்வொரு முறை கட்டைப் பிரித்தபோதும் கறுப்பு இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ஜனின் கார் வாசலில் வந்து நின்ற பிறகுதான் அவளுக்குத் தைரியம் வந்தது. அப்பாவின் காலைத் தொட்டு, முழங்காலுக்குக் கீழே கையால் கோடு போட்டுக் காட்டி, "ஓ யாத்ரோஸ் தெலி ந கோப்சி தொ போதி. தெலிஸ்?" என்றாள். டாக்டர் காலை வெட்ட நினைக்கிறார், உனக்குச் சம்மதமா? பெரியவர் அவளை நிதானமாகப் பார்த்தார். புருவத்தை உயர்த்தி, மோவாயை மேலே தூக்கினார்.

"தலையாட்டிவிட்டார், சரி என்கிறார்" என்று அவள் அழுதுகொண்டே டாக்டரைத் தேடி வெளியே ஓடினாள். அவள் வளர்ந்த ஊரில் தலை மேலே போனாலும் சம்மதம்தான் போலிருக்கிறது. எனக்கோ பழக்கதோஷத்தில் அதே கேள்வியை மறுபடி சொல்ல வாய் திறந்துவிட்டது. திறந்த வாய் அப்படியே நின்றது. கஞ்சி என்று தெரிந்த பிறகும் ஒரு மனிதர் என்ன, என்ன என்று ஏன் கேட்க வேண்டும்? அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அத்தனை முறையும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். இப்போதும் அதைத்தான் சொல்கிறார்.

பேசாமல் இருந்தால் கால் போகும், உயிர் நிற்கும். சொன்னால் அவள் கையெழுத்துப் போட மாட்டாள், மனிதர் செத்துப்போவார். யாருக்குத் தெரியப்போகிறது? ஆபரேஷன் தியேட்டரில் விளக்குகூடப் போட்டுவிட்டார்கள். ஆனால் அந்த மனிதருக்கு அந்த அறையில் புரிந்துகொள்ள ஒரு ஆள்கூட இல்லை என்ற நினைப்பு என்னைச் சும்மா விடவில்லை. வராந்தாவில் அவளை நிறுத்திச் சொல்லிவிட்டேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

திரும்பி வந்து, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, "நீ ஆங்கிலேயனா?" என்று கிரேக்கத்தில் கேட்டாள். பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டது. 'ச்' என்று நாக்கைத் தட்டி மோவாயை மேலே தூக்கினார். "கிரேக்கனா?" என்று கேட்டதும் கண்ணை மூடி மோவாயைக் கீழே இறக்கினார். அதற்கு மேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பின்னாலேயே வந்து நின்ற டாக்டர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளிடம் ஆங்கிலத்தில், மூளை பாதித்தவர் சொல்வதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை, நீங்கள் போடுகிற கையெழுத்தே செல்லும் என்று மெதுவாகச் சொன்னார். அவள் முடியாது என்றாள். சர்ஜன் வாட்சைப் பார்த்தார். அவள் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கெஞ்சுவதற்கு ஒரு பக்கம் அதில் எங்கே இருக்கிறது? கடைசியில் ஓட்டலில் ஆர்டர் கொடுக்கிற பக்கத்தில் கட்டைவிரலை வைத்தாள். எனக்கு ஒரு காபி வேண்டும், தயவுசெய்து என்கிற வாக்கியம். காபி இருந்த இடத்தில் வேறு சொல்லைப் போட்டு, குரல் உடையச் சொன்னாள். "தா ஈதெலா எனன் பபா, பரகலோ."

எனக்கு ஒரு அப்பா வேண்டும், தயவுசெய்து.

பெரியவர் திகைத்துப்போனார். பிறகு கோணிய வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறார் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. வயிறு குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். நல்ல கையில் ஒரு விரலை உயர்த்தி, சர்வர் மாதிரி, "எனன்?" என்று கேட்டார். ஒன்றுதானே? அவளும் ஒரு விரலைக் காட்டினாள். அவர் தன் காலை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடி மோவாயைக் கீழே இறக்கினார்.

"இப்ப என்ன சொல்றாரு, சிஸ்டர்?" என்றார் சர்ஜன்.

"சரின்றாரு சார்."

கொஞ்ச நாள் கழித்து அவள் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். வாசல்வரைக்கும் இரண்டு பேரும் கிரேக்கத்தில் ஏதோ சண்டை. இருக்கிற நாலைந்து பக்கச் சொற்களை வைத்துக்கொண்டே அவள் சளைக்காமல் போட்டாள்.

இப்போது நான் விழுப்புரத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு வெளிநாட்டுக்காரர் வந்தார். கூட இருந்த பயிற்சி நர்ஸ் செல்போனை அவர் வாயருகே நீட்டினாள், அது உடனே எல்லாவற்றையும் இங்கிலீஷில் பிழையில்லாமல் சொல்லிவிட்டது. "பாத்தீங்களா சிஸ்டர், எவ்ளோ ஈஸி" என்றாள். ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பெரியவர் நினைப்பாகவே இருந்தது. அன்றைக்கு இது எங்கள் கையில் இருந்திருந்தால் கேள்வியை முதல் நாளே சரியாகக் கேட்டிருப்போம். அவரும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருப்பார். நாங்களும் அதை நன்றாகப் புரிந்துகொண்டு, அவரைச் சாக விட்டிருப்போம்.